புள்ளி காட்டும் இடமும் நாய் நிற்கும் இடமும்

காணாமல் போன நாயைத் தேடிப் புறப்படுகிறவரின் கையில் இன்று பெரும்பாலும் ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. திரையில் வரைபடம், வரைபடத்தின் மேல் ஒரு புள்ளி. நாய் அங்கேதான் நிற்கிறது என்று மனம் உடனே நம்பிவிடுகிறது. பதற்றத்தில் இருக்கும் மனத்துக்கு அந்த நம்பிக்கை தேவையாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளி திரைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் நடந்து முடிந்திருக்க வேண்டும். நாயின் கழுத்தில் உள்ள கருவி தான் இருக்கும் இடத்தைக் கண்டறிய வேண்டும். கண்டறிந்ததை வெளியே சொல்லி அனுப்ப வேண்டும். அனுப்பியதை உரிமையாளரின் போன் வாங்கிக் காட்ட வேண்டும். இவற்றில் மூன்றாவது வேலையை மட்டுமே போன் செய்கிறது. முதல் இரண்டில் எது தடைப்பட்டாலும் திரையில் இருப்பது பழைய புள்ளியாகவோ தவறான புள்ளியாகவோ ஆகிவிடும். பார்வைக்கு மட்டும் அது சரியான புள்ளியைப் போலவே இருக்கும். எந்த வேலை எங்கே தடைப்படும் என்று தெரிந்தவருக்கே அந்தப் புள்ளியைப் படிக்க வரும்.

தொடக்கத்திலேயே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். கால்நடை மருத்துவர் நாயின் தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தும் மைக்ரோசிப்பை, நாய் எங்கே போனாலும் காட்டிக்கொடுக்கும் கருவி என்று நினைப்பவர்கள் ஏராளம். அரிசி மணியளவே உள்ள அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது. தானாக எதையும் ஒலிபரப்பும் ஆற்றலும் கிடையாது. சில சென்டிமீட்டர் தொலைவில் ஸ்கேனரை நீட்டும்போது, அந்த ஸ்கேனர் வீசும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெற்று, தன்னுள் பதிந்திருக்கும் 15 இலக்க எண்ணை அது திருப்பிச் சொல்லும். நாய் யாருடையது என்பதை அறிய அந்த எண் உதவும். நாய் எங்கே இருக்கிறது என்பதை எந்தச் செயலியைப் போட்டாலும் அந்தச் சிப்பிடமிருந்து பெற முடியாது. இடத்தைச் சொல்ல வேண்டுமானால், பேட்டரியும் ஆண்டெனாவும் உள்ள ஒரு கருவி நாயின் கழுத்துப்பட்டையில் இருந்தே ஆக வேண்டும்.

அத்தகைய கருவிகளில் முதன்மையானது ஜிபிஎஸ் டிராக்கர். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "இப்போது நேரம் இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது" என்று ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வந்தாலும் தரையை அடைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அந்தத் தாமதத்தை அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தொலைவு தெரிந்தால் இடத்தைக் கணக்கிடலாம் என்றாலும், கழுத்துப்பட்டையில் உள்ள மலிவான கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே கணக்கு 300 மீட்டர் தவறிவிடும் என்பதால், அந்தப் பிழையைத் திருத்த நான்காவது செயற்கைக்கோளும் தேவைப்படுகிறது. ஆக, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் நாயின் கழுத்துக்கு ஒரே நேரத்தில் கேட்டாக வேண்டும்.

2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அது 100 மீட்டர் வரை போகக்கூடியது. அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டிராவிட்டால் நாயைத் தேடும் கருவி என்ற ஒன்றே இன்று பயனற்றதாக இருந்திருக்கும். இப்போது திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. கையில் பிடித்த போனுக்கு உண்மையாக இருக்கும் இந்த அளவு, நாயின் கழுத்துக்கு வரும்போது எளிதில் கெட்டுவிடுகிறது. இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் விற்பனைப் பெட்டிகளின் மேல் இது எழுதப்படுவதில்லை.

செயற்கைக்கோள் அலை தரைக்கு வரும்போது மிகமிக மெலிந்திருக்கிறது. நீர் அதை விழுங்கிவிடும். நாயின் உடலில் பெரும்பகுதி நீர்தான். டிராக்கர் பிடரியின் மேற்புறம் இருக்குமாறு பட்டையைக் கட்டினாலும், கருவியின் எடையால் பட்டை மெல்லச் சுழன்று, பத்தடி ஓடுவதற்குள் கருவி தொண்டைக்கு அடியில் தொங்கத் தொடங்குகிறது. அப்போது ஆண்டெனா வானத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்க்கிறது. நடுவே கழுத்துச் சதையும், மழையில் நனைந்த ரோமமும். களைத்த நாய் கருவியைத் தன் உடலுக்கடியில் வைத்துப் படுத்துக்கொண்டால் அலை அறவே நின்றுபோகும். நின்றிருக்கும் காருக்கு அடியிலும் கான்கிரீட் கூரைக்கு உள்ளேயும் இதே கதிதான். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே வேறொரு தொல்லை: அலை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, வழி நீண்டதால் தொலைவு கூடிப்போனதாகக் கருவி கணக்கிடுகிறது, அசையாமல் படுத்திருக்கும் நாய் வரைபடத்தில் தெருவுக்குத் தெரு தாவுகிறது. ஒரு நிமிடத்தில் மூன்று வீட்டுச் சுவர்களை ஊடுருவிப் போகும் புள்ளியைக் கண்டால், நாய் ஓடுகிறது என்று எண்ணுவதைவிட அலை எதிரொலிக்கிறது என்று எண்ணுவதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வானம் தெரியாத இடங்களில் பல கருவிகள் மாற்று வழியில் இடத்தை ஊகிக்கின்றன. அருகில் உள்ள வைஃபை இணைப்புகளின் அடையாளத்தைக் கேட்டு, அவை எங்கே இருக்கின்றன என்ற பட்டியலோடு ஒப்பிடுவது ஒரு வழி. எந்தச் செல்போன் டவரோடு பேசுகிறோம் என்பதை வைத்துச் சொல்வது இன்னொரு வழி. முதலாவது ஓரளவு துல்லியமானது. இரண்டாவதில் சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை பிழை வரலாம். செயலி புள்ளியைச் சுற்றி ஒரு மங்கிய வட்டம் வரைகிறதே, அது அழகுக்காக வரையப்பட்டதல்ல. நாய் அந்த வட்டத்துக்குள் எங்கேனும் இருக்கலாம் என்பதே அதன் பொருள். வட்டம் பெரிதாக இருக்கும்போது அதன் மையத்தை நோக்கி ஓடுவதில் பயனில்லை.

இடம் தெரிந்த பிறகு அதைச் சொல்லி அனுப்பும் வேலை வருகிறது. ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளைக் கேட்க மட்டுமே செய்கிறது. செயற்கைக்கோளுக்கு அது எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே உரிமையாளருக்குச் செய்தி போக வேறொரு பாதை வேண்டும். பெரும்பாலான டிராக்கர்களுக்குள் ஒரு சிம் இருக்கிறது. அது செல்போன் வலையமைப்பு வழியாக நிறுவனத்தின் சர்வருக்குச் செய்தி அனுப்ப, சர்வரிலிருந்து போனுக்கு அது வருகிறது. கருவியை வாங்கிய பிறகும் மாதாமாதம் சந்தா கட்ட வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. பழைய கருவிகள் 2ஜி வலையமைப்பையே நம்பியிருந்தன. பல நாடுகளில் அந்த வலையமைப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருவதால், கருவி பழுதில்லாமல் இருந்தும் ஊமையாகிவிடக்கூடும். 2016-இல் தரப்படுத்தப்பட்ட எல்டிஇ-எம், என்பி-ஐஓடி என்ற இரண்டு புதிய முறைகள், சிறு கருவிகள் குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளை அனுப்புவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. வாங்கும் கருவி எந்த முறையில் இயங்குகிறது, அந்த முறை நாய் உலவும் இடத்தில் கிடைக்கிறதா என்பதே கடைசியில் மற்றெல்லாச் சிறப்புகளையும்விட முக்கியமாகிறது. டவரே இல்லாத காட்டிலும் மலையிலும் நாயோடு போகிறவர்களுக்குச் செல்போன் வலையமைப்பு உதவாது. கழுத்துப்பட்டையிலிருந்து கையில் உள்ள ரேடியோக் கருவிக்கு நேரடியாகப் பேசும் அமைப்பே வேட்டை நாய் வளர்ப்போரிடம் வழக்கத்தில் உள்ளது.

இங்கே எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இடி முழங்கிய ஓர் இரவில் எங்கள் நாய் மணி மதில் தாண்டி ஓடிவிட்டது. செயலியைத் திறந்தபோது புள்ளி, ஒரு சிறு பாலத்தின் நட்ட நடுவே நின்றிருந்தது. ஓடினோம். பாலத்தின் மேல் யாருமில்லை. புள்ளி மட்டும் நாங்கள் நின்ற இடத்திலேயே, எங்கள் காலடியிலேயே இருந்தது. கருவி பொய் சொல்கிறது என்று முடிவு செய்து, தெருவின் இரு பக்கமும் கூப்பிட்டுக்கொண்டே போனோம். திரும்பத் திரும்பத் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். புள்ளிக்குக் கீழே சின்ன எழுத்தில் "14 நிமிடங்களுக்கு முன்" என்று இருந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். திரும்பி வந்து தம்பி குனிந்து டார்ச் அடித்தான். பாலத்தின் அடியில், மழைநீர் போகப் பதித்திருந்த சிமெண்ட் குழாய்க்குள் இரண்டு கண்கள் பளிச்சிட்டன. கழுத்துவரை சேறு. குழாய்க்குள் நுழைந்ததும் அதற்கு வானமும் இல்லை, டவரும் இல்லை. வானம் தெரிந்த கடைசி இடத்தைத்தான் கருவி சொல்லிவிட்டுப் போயிருந்தது. அது சரியாகச் சொன்னதை நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

அன்று முதல் புள்ளியைப் பார்க்கும் முன் நேரத்தைப் பார்க்கிறேன். நேரம் புதிதாக வந்துகொண்டிருக்க, புள்ளி அசையாமல் இருந்தால் நாய் அங்கே படுத்திருக்கிறது, அல்லது பட்டை கழன்று அங்கே கிடக்கிறது. நேரம் பழையதாகி நின்றுவிட்டால், அந்தப் புள்ளிக்கு அருகே அலையை மறைக்கும் பொந்தோ, வண்டியோ, கட்டடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதர் போன்ற மெல்லிய மறைவு அலையை முழுதாக நிறுத்துவதில்லை. அப்படி எதுவுமில்லாத வெட்டவெளியில் நேரம் நின்றிருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது டவரின் எல்லையைத் தாண்டி நாய் போயிருக்கலாம். அப்போது தேட வேண்டியது கடைசிப் புள்ளியை மட்டுமல்ல, அதற்கு முந்தைய சில புள்ளிகள் காட்டும் திசையையும்.

பேட்டரியைப் பற்றிய கணக்கு எளிது, ஆனால் இரக்கமற்றது. செயற்கைக்கோளைக் கேட்பதும் டவரோடு பேசுவதும் மின்சாரத்தைக் குடிக்கும் வேலைகள். நொடிக்கு நொடி இடத்தைச் சொன்னால் சிறு பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை சொன்னால் நாள்கணக்கில் வரும். அச்சத்தில் ஓடும் நாயின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறது. ஒரு நிமிட இடைவெளியில் 500 மீட்டர். திரையில் புள்ளி விழும்போது நாய் அரைக் கிலோமீட்டர் அப்பால் இருக்கலாம். ஆகவே நல்ல கருவிகள் இரண்டு நிலைகளை வைத்திருக்கின்றன. வீட்டு வைஃபை அல்லது புளூடூத் கேட்கும் தொலைவில் நாய் இருக்கும்வரை ஜிபிஎஸ்ஸை அணைத்து உறங்குகின்றன. நாய் தொலைந்ததும் செயலியில் "லைவ்" முறையை இயக்கினால் சில நொடிகளுக்கு ஒருமுறை சொல்லத் தொடங்குகின்றன. உறக்கத்திலிருந்து எழும் கருவிக்குச் செயற்கைக்கோள்களின் தற்போதைய பாதை தெரியாதிருந்தால், அந்தத் தகவலை வானத்திலிருந்து கேட்டுப் பெறுவதற்கே அரை நிமிடமாவது ஆகும். ஓடிக்கொண்டே, அலை விட்டு விட்டுக் கேட்கும் நாயின் கழுத்தில் இது இன்னும் நீளும். முதல் சில நிமிடங்களில் கருவி மௌனமாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

செயலியில் வீட்டைச் சுற்றி ஒரு எல்லைக்கோடு வரைந்து, நாய் அதைத் தாண்டினால் போனுக்கு எச்சரிக்கை வரச் செய்யலாம். இந்த மெய்நிகர் வேலியை மதில் சுவரை ஒட்டி வரைந்தால், மேலே சொன்ன எதிரொலிப் பிழைகளால் நாய் திண்ணையில் தூங்கும்போதே எச்சரிக்கை வந்துகொண்டிருக்கும். பத்துப் பொய் எச்சரிக்கைகளுக்குப் பிறகு பதினோராவதை யாரும் பார்ப்பதில்லை. சற்று அகலமாக வரைந்து, எச்சரிக்கை சில நொடிகள் தாமதமாக வருவதை ஏற்றுக்கொள்வதே நல்லது.

சந்தா வேண்டாம் என்று கருதுபவர்கள் ஏர்டேக் போன்ற புளூடூத் டேக்குகளைக் கழுத்தில் மாட்டுகிறார்கள். இவை முற்றிலும் வேறு வகை. இவற்றில் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம்மும் இல்லை. சில பத்து மீட்டர் தொலைவுக்கு மட்டும் கேட்கும் ஒரு சிறு குரலை இவை எழுப்பிக்கொண்டிருக்கும். அவ்வழியே போகும் யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, அவருக்கே தெரியாமல், தான் இருக்கும் இடத்தை மறைகுறியாக்கி அனுப்பிவைக்கும். ஆகவே வரைபடத்தில் தெரிவது உண்மையில் அந்த வழிப்போக்கரின் போன் இருந்த இடம். நெரிசலான தெருக்களில் இது வியக்கத்தக்க அளவில் வேலை செய்கிறது. பொருத்தமான போன் வைத்திருக்கும் ஆளே இல்லாத வயல்வெளியிலும் நள்ளிரவிலும் வேலை செய்வதில்லை. பயந்த நாய் தேடிப் போவதோ ஆளில்லாத இடத்தைத்தான்.

ஏர்டேக் 2021 ஏப்ரலில் வெளிவந்தபோதே, அது பொருள்களைத் தேடுவதற்கானது, பிள்ளைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் உரியதல்ல என்று ஆப்பிள் நிறுவனம் தெளிவுபடுத்தியது. மற்றவரை உளவு பார்க்க அதைப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, உரிமையாளரின் போனைப் பிரிந்து நெடுநேரம் இருக்கும் டேக், அசையும்போது தானாக ஒலி எழுப்பும்படி செய்யப்பட்டிருக்கிறது. தொலைந்து ஒளிந்திருக்கும் நாயின் காதுக்குக் கீழே திடீரென எழும் அந்த ஒலி அதற்கு எப்படி இருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்குள் இருப்பது நாணயம் போன்ற லித்தியம் பேட்டரி. நாய் டேக்கைக் கடித்துப் பேட்டரியை விழுங்கினால், அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு சில மணி நேரத்திலேயே திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நிலை அது. இரண்டு நாய்கள் ஒன்றையொன்று கவ்வி விளையாடும் வீட்டில் தொங்கும் டேக் கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பட்டையோடு தைக்கப்பட்ட, மூடிய உறைக்குள் இருப்பதானால் ஆபத்து குறையும்.

நாயின் இருப்பிடம் என்பது உரிமையாளரின் இருப்பிடமும்தான் என்பதையும் மறக்கக் கூடாது. தினமும் எத்தனை மணிக்கு, எந்தத் தெரு வழியாக நடைக்குப் போகிறோம், எப்போது வீட்டில் ஆளில்லை என்பதெல்லாம் அந்தச் செயலியில் பதிகிறது. அதற்கு வலுவான கடவுச்சொல் வைப்பதும், குடும்பத்தாருக்கு மட்டும் பகிர்வதும் போதும். இதற்குமேல் அஞ்ச வேண்டியதில்லை.

நாய் எப்படித் திரும்புகிறது என்பதை அறிந்துகொள்ளவும் இதே கழுத்துப்பட்டைகள் உதவியிருக்கின்றன. செக் குடியரசில் ஆய்வாளர்கள் 27 வேட்டை நாய்களுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிக் காட்டில் விட்டு, அறுநூறுக்கும் மேற்பட்ட ஓட்டங்களைப் பதிவு செய்து 2020-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 60 விழுக்காடு ஓட்டங்களில் நாய்கள் போன தடத்திலேயே திரும்பி வந்தன. மூன்றில் ஒரு பங்கு ஓட்டங்களில் புது வழியில் திரும்பின. அப்படித் திரும்பும் முன் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஏறத்தாழ 20 மீட்டர் ஓடிப் பார்த்தன. பூமியின் காந்தப்புலத்தை அவை உணர்கின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம். அவை பழக்கப்பட்ட வேட்டை நாய்கள், இடிக்குப் பயந்து ஓடிய வீட்டு நாய்கள் அல்ல. ஆனாலும், நாய் பிரிந்த இடத்தில் ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்துக்கு இதில் ஒரு நியாயம் கிடைக்கிறது. எல்லோரும் புள்ளியைத் துரத்திக்கொண்டு போய்விட்டால், திரும்பி வரும் நாயை வரவேற்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தொலைந்த நாய்களில் 93 விழுக்காடு திரும்பக் கிடைத்தன. கிடைத்தவற்றில் ஏறத்தாழப் பாதி, உரிமையாளர் அக்கம்பக்கத்தில் நடந்து தேடியதால் கிடைத்தவை. அடையாளப் பட்டையாலோ மைக்ரோசிப்பாலோ கிடைத்தவை 15 விழுக்காடு. அந்நாட்டின் விலங்குக் காப்பகங்களில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வு, தெருவில் திரிந்து காப்பகம் வந்த நாய்களில் மைக்ரோசிப் உள்ளவற்றில் பாதிக்கும் மேல் உரிமையாளரிடம் திரும்பியதையும், அப்படி வந்த எல்லா நாய்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அளவு 22 விழுக்காடு மட்டுமே என்பதையும் காட்டியது. சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்குப் பெரிய காரணம், பதிவில் இருந்த தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டதாகவோ இருந்ததே. டிராக்கர் வாங்குகிறவர், பட்டையின் மேல் அழியாத மையில் தம் எண்ணை எழுதுவதையும் சிப் பதிவில் எண்ணைப் புதுப்பிப்பதையும் அதே நாளில் செய்துவிட வேண்டும். பேட்டரி தீர்ந்த பிறகு பேசப்போவது அந்த எண்தான்.

கருவி வந்த வாரத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாயை வீட்டில் விட்டுவிட்டு, பட்டையை மட்டும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, சொல்லாமல் எங்கேனும் போய் நிற்கச் சொல்ல வேண்டும்: முதலில் திறந்த வெளியில், பிறகு ஒரு காருக்கு அருகே, பிறகு ஏதேனும் கூரைக்கடியில், பட்டையை நாயின் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தபடி. போனை வைத்துக்கொண்டு அவரைத் தேடிப் போகும்போது, நம் தெருவில் செய்தி எத்தனை நொடி தாமதிக்கிறது, எந்தச் சுவருக்கு அருகே புள்ளி தாவுகிறது, எங்கே நேரம் நின்றுபோகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். நாங்கள் அதைச் செய்தபோது, தம்பி கிணற்றடியில் நின்றுகொண்டிருக்க, புள்ளி நாற்பது அடி தள்ளிப் பக்கத்து மாடிக் கட்டடத்தின் மேல் இருந்தது. இப்போது அந்தக் கட்டடத்தின் மேல் புள்ளி விழுந்தால் நான் நேராகக் கிணற்றடிக்குத்தான் போகிறேன்.